எங்கள் தோப்புப் பள்ளியில் 11 குறைகள்: ஆய்வு அறிக்கையை என்ன செய்வது?

தோப்புக்காரன் எழுதியது:

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புக்குள் நடக்கும் சின்னப் பள்ளியில் என் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். 47 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பு வரை என்று கணக்கு. உண்மையில் வகுப்பே கிடையாது, வயது கலந்த மூன்று குழுக்கள்தான். மணியில்லை, பரீட்சையில்லை, சீருடையில்லை. கற்பிப்பது தமிழில். பெரியவன் முன்பு படித்த ஆங்கிலப் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இங்கே சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எதற்கு லீவு என்று சண்டை போடுகிறான்.

போன வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையாரும் ஓர் எழுத்தரும் வந்தார்கள். பத்து மணிக்கு வந்தவர்கள் மூன்றரை வரை இருந்தார்கள். நேற்று அறிக்கை வந்திருக்கிறது. நான்கு பக்கம், மலையாளத்தில். என் மனைவிதான் படித்துச் சொன்னாள். அங்கீகாரச் சான்றிதழ் இல்லை. கூரை தென்னங்கீற்று. கட்டடத் தகுதிச் சான்று இல்லை. சுற்றுவேலி அரைகுறை. கிணற்றுக்கு மூடி இல்லை. குடிநீர் பரிசோதிக்கப்படவில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் உயரமாக இருக்கிறது (இதற்கும் ஒரு எண் போட்டு எழுதியிருக்கிறார்கள்!). 200 நாள் நடக்க வேண்டிய பள்ளி 163 நாள்தான் நடந்திருக்கிறது. இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. மலையாளம் கற்பிக்கவில்லை. எந்தப் பிள்ளை எதைக் கற்றிருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. ஆக 11.

புளியமரத்தடியில் பெற்றோர் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் எர்ணாகுளத்துக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார்கள். எனக்கும் கோபம்தான். மாற்றுக் கல்வி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான் முடியும். இப்படி ஓர் ஆய்வைச் சந்தித்த பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் இங்கே யாராவது உண்டா?

எல்லைக்கடை எழுதியது:

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. நம் பக்கத்தில் அரசுத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு, பயிற்சி பெற்ற டீச்சர் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு மாதம் கட்டணம் கட்டித் தோப்புக்குள் கொண்டுபோய் விடுகிறீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் தலையெண்ணும்போது பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, போகிறது, டிவிஷன் போனால் ஆசிரியர் பணியிடமும் போகிறது. உங்கள் 47 பேரில் முப்பது பேர் அங்கே இருந்திருந்தால் ஒரு தமிழ் டிவிஷன் பிழைத்திருக்கும். இதைப் பற்றி உங்கள் புளியமரத்தடியில் யாராவது பேசினார்களா?

தோப்புக்காரன் எழுதியது:

பேசவில்லை. ஆனால் டிவிஷனைக் காப்பாற்றுவதற்காக என் மகன் வயிற்றுவலியோடு இருக்க வேண்டும் என்கிறீர்களா?

எல்லைக்கடை எழுதியது:

வயிற்றுவலி வந்தது ஆங்கிலப் பள்ளியில். அரசுப் பள்ளியில் விட்டுப் பார்க்கவே இல்லையே.

சித்தூர் டீச்சர் எழுதியது:

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 31 ஆண்டு தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ ஆய்வுகளை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி, முதலில் சட்டம். 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்; பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. வந்த அம்மையார் அபராதத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் குறைகளை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால், அவர் உங்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளாமல் வழக்குப் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

200 நாளும் அவர் கண்டுபிடித்த கணக்கல்ல. ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கையில் உங்கள் பள்ளி தேறிவிடும். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும்.

கீற்றுக் கூரையைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 பிள்ளைகள். சமையலிலிருந்து கிளம்பிய தீ கீற்றைப் பிடித்தது. அன்று மாலை பள்ளி விட்டு வீடு வந்து, ரேடியோவில் கேட்டுவிட்டு, இரவு முழுவதும் எங்கள் பள்ளியின் சமையல்கட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் தோப்பில் கஞ்சி எங்கே வேகிறது தம்பி?

சுற்றுவேலி, பொந்து, புதர் எல்லாவற்றையும் அதிகாரிகள் ஏன் பார்க்கிறார்கள் என்றால், 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஒரு பெண் பிள்ளை இறந்துபோனது. அதன் பிறகு கேரளம் முழுவதும் பள்ளிப் பொந்துகளை அடைத்தார்கள். தோப்பில் பாம்பு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

தோப்புக்காரன் எழுதியது:

டீச்சர், கஞ்சி வேகிற இடம் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் ஒரு சாய்ப்பு. அதுவும் கீற்றுதான். நீங்கள் கேட்ட பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை.

ஆனால் பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. தகரம் போட்டால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். கீற்றைப் போல் குளிர்ச்சி வேறு எதில் இருக்கிறது?

சித்தூர் டீச்சர் எழுதியது:

ஓடு. நம் தாத்தாக்கள் கண்டுபிடித்துவிட்டுத்தான் போனார்கள்.

தாழ்ப்பாளைப் பற்றி ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள். நாளைக்குப் போய் அந்தக் கழிப்பறை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

மதனப்பள்ளித் தமிழன் எழுதியது:

ஆந்திர எல்லைப் பக்கமிருந்து ஒரு குரல். பிறந்தது குடியாத்தம், பிழைப்பு மதனப்பள்ளியில். கடைசிக் குறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் 11-இல் அதுதான் கனமானது.

இங்கே பக்கத்தில் ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர்கள் சின்னச் சின்னத் துணைப் பள்ளிகள் நடத்துகிறார்கள். ஓராசிரியர், பல வயது, வகுப்புப் பிரிவு கிடையாது. அதாவது உங்கள் தோப்பு மாதிரியே. வித்தியாசம் என்னவென்றால், சுவரில் ஓர் ஏணி இருக்கும். மொழிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு சின்னம். பிள்ளை தானே வந்து, தான் நிற்கும் படியைப் பார்த்து, அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்காரும். பத்து நாள் அம்மை போட்டு வீட்டில் கிடந்த பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரும். பரீட்சை இல்லை, ஆனால் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஆசிரியருக்கு, பிள்ளைக்கு, வாசலில் வந்து நிற்கும் அதிகாரிக்கு, எல்லோருக்கும் தெரியும்.

இதைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. நாலைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி முழுவதும் பரவியது. தரையோரக் கரும்பலகை, கம்பிப் பந்தல், ஏணி எல்லாம் உங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் பொள்ளாச்சியில் பார்த்திருப்பார்கள். ஆக, பதிவு வைத்தால் சுதந்திரம் போய்விடும் என்பது எனக்கு ஒப்பவில்லை. அளவெடுக்காத தையல்காரரிடம் யாரும் சட்டை தைக்கக் கொடுப்பதில்லை.

கொட்டகை ஆசிரியர் எழுதியது:

நான் அந்தப் பள்ளியில் கற்பிக்கிறவன். தோப்புக்காரர் இந்த இழையைக் காட்டினார். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பொறியியல் படித்துவிட்டு வந்தவன். அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். அன்று நடந்ததைப் பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். அந்த அம்மையார் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். எங்கள் குழுவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், படுசுட்டி. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். குளத்துத் தவளை பேசுமிடத்தில் குரலை மாற்றினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பி, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "இந்த வரியை மட்டும் படி, மோனே" என்றார்.

பையன் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்றார். "மீன்" என்றான். அங்கே இருந்தது "மேகம்".

கதை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். படம்தான் அவனுக்கு எழுத்து. இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் "படிப்பதை" நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் போன பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் அதே மாதிரி படத்தை மூடிப் பார்த்தோம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 11 பேருக்குப் படிக்க வரவில்லை. நாங்கள் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, தயாராகும்போது வரும் என்று காத்திருந்தோம். அதில் சிலருக்கு நிஜமாகவே நேரம் தேவைப்பட்டது. மற்றவர்களை நாங்கள் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

தோப்புக்காரன் எழுதியது:

சார், அந்தப் பதினோரு பேரில் என் பெரியவன் உண்டா?

கொட்டகை ஆசிரியர் எழுதியது:

நாளை நேரில் பேசுவோம்.

லீட்ஸ் கொழிஞ்சாம்பாறை எழுதியது:

இந்த இழையை ஊரில் இருப்பவர்களை விட அதிக முறை நான்தான் படித்திருப்பேன். இங்கிலாந்தில் இந்தச் சண்டை நூறு வருடப் பழசு. 1921-இல் ஏ. எஸ். நீல் தொடங்கிய சம்மர்ஹில் என்ற பள்ளியில் பாடத்துக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். 1999-இல் ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வுத் துறை வந்து கடுமையான அறிக்கை எழுதியது. அரசு நோட்டீஸ் கொடுத்தது. பள்ளி விடவில்லை, வழக்காடியது. 2000 மார்ச்சில் லண்டனில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசு சமரசத்துக்கு இறங்கி வந்தது. அந்த உடன்பாட்டை ஏற்கலாமா என்று பிள்ளைகள் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். பள்ளி இன்றும் நடக்கிறது.

வழக்குப் போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் போராடியது பாடத்துக்குப் போகாமலிருக்கும் உரிமைக்காக, அதாவது அந்தப் பள்ளியின் உயிர்நாடிக்காக. கிணற்று மூடிக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

இங்கே கட்டாயக் கல்வி வயதில் ஐந்து பிள்ளைகளுக்கு முழுநேரம் கற்பித்தாலே பள்ளி என்று பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் நடத்துவது குற்றம். ஆய்வு நன்றாக நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். பல வருடம் ஒரு பள்ளி முழுவதற்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பெழுதினார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே தலைமையாசிரியர்கள் நோயாளிகளானார்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒற்றைச் சொல் அல்ல, நான்கு பக்கம். என்ன குறை, எங்கே என்று எழுதியிருக்கிறது. அது பெரிய விஷயம்.

எல்லைக்கடை எழுதியது:

மலையாளத்தை யாரும் தொடவில்லையே? தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் எதற்கு என்று பெரிய பேச்சு பேசுவீர்களே.

சித்தூர் டீச்சர் எழுதியது:

2017-இல் வந்த சட்டம் கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. அது தமிழுக்குப் பதிலாக வருவதல்ல, தமிழோடு வருவது. தமிழ் வழிக் கல்விக்குக் கல்வி உரிமைச் சட்டமே துணை நிற்கிறது. முடிந்த வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. ரேஷன் கடைப் பலகையைப் படிக்க முடியாமல், பஸ்ஸில் பெயர்ப்பலகையைப் பக்கத்து ஆளிடம் கேட்டுக் கேட்டு ஏறிய தலைமுறை என்னுடையது. இப்போது பாருங்கள், பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிய அறிக்கையையே மனைவி படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்தக் குறைதான் சீக்கிரம் தீரக் கூடியது. தோப்பைச் சுற்றி மலையாளம் தெரிந்த ஓர் அம்மா கூடவா இல்லை?

இன்னொன்று. தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார்: பள்ளி மூடப்பட்டால் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா, டி.சி. இல்லையே என்று. சேர்ப்பார்கள். 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்டதற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயப்பட வேண்டாம்.

தோப்புக்காரன் எழுதியது (எட்டு மாதம் கழித்து):

இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று அதே அம்மையார் மறுபடியும் வந்தார்.

வழக்குப் போடவில்லை. முதலில் குடிநீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் அதைத்தான் அற்பம் என்று நினைத்திருந்தேன். தாழ்ப்பாளுக்கு அடுத்தபடியாக. எங்கள் ஆழ்குழாய் 600 அடி. தண்ணீரை பாட்டிலில் பிடித்து வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். 1.5-க்கு மேல் போகக் கூடாது. கொதிக்க வைத்தாலும் அது போகாதாம். நான்கைந்து பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கும்; புளியங்காய் தின்பதால் என்று நாங்களே ஒரு காரணம் வைத்திருந்தோம். இப்போது குடிக்கவும் கஞ்சிக்கும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். ஆழ்குழாய் செடிக்கும் கை கழுவவும்.

டீச்சர் சொன்னபடி கழிப்பறை வாசலில் போய் நின்றேன். தாழ்ப்பாள் எட்டாததால் சின்னப் பெண்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒருத்தியை வாசலில் முதுகைக் காட்டி நிற்க வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். காவலுக்கு ஆள் கிடைக்காத நாளில் போவதே இல்லை. மூன்று வருடமாக இப்படித்தான். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொல்லன் பட்டறையில் நாற்பது ரூபாய். இரண்டரை அடி உயரத்தில் புதிய தாழ்ப்பாள் வைத்துவிட்டோம்.

கூரை இப்போது ஓடு. கோபாலபுரத்தில் இடித்த ஒரு பழைய வீட்டின் மங்களூர் ஓடுகளை விலைக்கு வாங்கி, பெற்றோர்களே வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றினோம். சமையல்கட்டைத் தள்ளிக் கட்டியாயிற்று. கிணற்றுக்கு இரும்பு வலை. வேலி முழுமை.

நாள் கணக்கில் ஒரு வேடிக்கை. தேங்காய் போடும் நாள், மூலத்தரை அணைக்கு நடந்து போன நாள், முதலமடை மாந்தோப்புக்குப் போன நாள் எல்லாம் பள்ளி நாள்தான். எங்களிடம் எழுதி வைத்த கணக்குதான் இல்லை. அன்றைக்கு என்ன கற்றார்கள் என்று அரைப் பக்கம் எழுதத் தொடங்கினோம். இந்த வருடக் கணக்கு 204-இல் முடியும்.

படிப்பு. மதனப்பள்ளி அண்ணா சொன்ன ஏணியை அப்படியே எடுக்கவில்லை, எங்களுக்குத் தோதாக ஒரு நோட்டு. பிள்ளைக்கு ஒன்று. வாரம் ஒருமுறை படத்தை மூடிக்கொண்டு ஐந்து வரி. அந்த 11 பேரில் எட்டுப் பேர் படித்துவிடுகிறார்கள், என் பெரியவனும் அதில் ஒருவன் (ஆமாம், இருந்தான்). மூன்று பேருக்கு இன்னும் தட்டுகிறது. ஒருவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது என்பதே இப்போதுதான் தெரிந்தது. மலையாளத்துக்கு ஒரு பிள்ளையின் அம்மாவே வாரம் மூன்று மதியம் வருகிறார்.

எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. எங்கள் மூத்த ஆசிரியை மே மாதத்தோடு விலகிவிட்டார். பயிற்சிச் சான்றிதழ் இருந்தவர் அவர் ஒருவர்தான். "நோட்டு எழுதுகிற நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இதற்குத்தானா நாம் தோப்புக்கு வந்தோம்" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் இடத்துக்குத் தத்தமங்கலத்திலிருந்து பயிற்சி பெற்ற ஒரு பெண் வந்திருக்கிறார். நல்லவர். ஆனால் பிள்ளைகள் இன்னும் பழைய டீச்சரைத்தான் கேட்கிறார்கள்.

மிச்சம் மூன்று: அங்கீகாரம் (விண்ணப்பம் போயிருக்கிறது), கட்டடத் தகுதிச் சான்று, ஆசிரியர் தகுதி.

கொட்டகை ஆசிரியர் எழுதியது:

அந்தக் கடைசிக் குறை நான்தான். தொடக்கக் கல்வி டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறேன். அதை முடித்து கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 150 கேள்வி, 90 எடுத்தால் தேர்ச்சி. முப்பத்தாறு வயதில் குழந்தை உளவியலை மனப்பாடம் செய்கிறேன். என் குழுப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. நேற்று ஒருத்தி என் புத்தகத்தில் இருந்த படத்தைக் கையால் மூடிக்கொண்டு, "இப்போது படியுங்கள் பார்க்கலாம்" என்றாள்.

எல்லைக்கடை எழுதியது:

அங்கீகாரம் கிடைத்தால் கட்டணம் ஏறுமா?

தோப்புக்காரன் எழுதியது:

இப்போதைக்கு இல்லை. ஓட்டுக் கடன் இன்னும் அடையவில்லை, அதை மறைக்கவில்லை. டீச்சர், தகுதிச் சான்றுக்குப் பஞ்சாயத்தில் யாரைப் பார்க்க வேண்டும்? இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டோம்.

சித்தூர் டீச்சர் எழுதியது:

உதவிப் பொறியாளர். ஜூன் நெருங்கினால் எல்லாப் பள்ளிக்காரர்களும் அவர் வாசலில்தான் நிற்பார்கள், இப்போதே போங்கள். ஓடு மாற்றியதற்கான படம், கட்டட வரைபடம், நில வரி ரசீது மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் களத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். விண்ணப்பத்தை மலையாளத்தில் எழுதுங்கள். உங்கள் மதிய வகுப்பு அம்மாவிடம் கொடுத்தால் எழுதித் தருவார்.